கைவிடப்பட்ட குளக்கட்டுகளைத் தேட கூகுள் ஏர்த் புரோ: வன்னிக்கு எவ்வளவு தூரம் உதவும்?

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் காடுகளுக்குள் தூர்ந்துபோன குளங்களின் கட்டுகளையும், அவற்றின் கீழ் இருந்த பழைய வயல்களின் வரம்புகளையும் தேடிப் பதிவு செய்ய விரும்புபவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் நல்ல கருவி கூகுள் ஏர்த் புரோ. முன்பு வருடத்துக்கு 399 டொலர் கட்ட வேண்டியிருந்த மென்பொருள் இது. 2015 ஜனவரியிலிருந்து இலவசம். கைபேசிச் செயலியையும் உலாவியில் திறக்கும் பதிப்பையும் விட்டுவிட்டு, கணினியில் நிறுவும் புரோ பதிப்பை மட்டும், அதுவும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய செய்மதிப் படங்களைத் திகதிவாரியாகப் புரட்டிப் பார்க்கும் வசதி மிகச் சிறந்தது, அதற்காகவே இதை நிறுவலாம். கோடு கீறிச் சேமிக்கும் வசதி நன்று. பழைய வரைபடத்தை மேலே போர்த்திப் பார்க்கும் வசதி பொறுமை உள்ளவருக்கு உதவும். தரையின் உயரம் காட்டும் பகுதியை மட்டும் குளக்கட்டு விடயத்தில் நம்பவே கூடாது.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. பழைய கட்டு என்பது பல தலைமுறைகள் மிதித்து இறுகிய நல்ல மண். றோட்டு நிரப்பவும் காணி மட்டப்படுத்தவும் அந்த மண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெக்கோ என்ற மண் வெட்டும் இயந்திரம் இறங்கினால் ஒரு கட்டின் நடுப்பகுதி ஒரு பின்னேரத்துக்குள் போய்விடும். போன பிறகு, அங்கே கட்டு இருந்தது என்று காட்ட ஊர்ப் பெரியவர்களின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் மிஞ்சாது. திகதியிட்ட ஒரு படமும் அதன் மேல் கீறிய ஒரு கோடும் கையில் இருந்தால் பேச்சே வேறு.

எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வன்னியின் சிறுகுளம் தாழ்வான ஓடைப் பள்ளத்தைக் குறுக்கே மறித்துக் கட்டியது. கட்டின் இரண்டு முனைகளும் மேட்டுத் தறையோடு போய்ச் சேரும். அநேகமாக முனைகள் நீர்ப்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். ஒரு முனையில் மிகை நீர் வழியும் வான், ஆழமான பக்கத்தில் வயலுக்கு நீர் திறக்கும் துருசு, கட்டின் கீழ்ப்புறம் வயல், மேற்புறம் நீர் ஏறி இறங்கும் அலைகரை. மூன்று மீற்றர் உயரமான கட்டுக்கு, மேல் அகலம் இரண்டு மீற்றரும் இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவும் வைத்தால், அடி அகலம் 14 மீற்றர் வரும். மழை கரைத்து மேல் தட்டையானாலும் அடி அகலம் குறையாது, கூடத்தான் செய்யும். ஆகவே படத்தில் 12 முதல் 20 மீற்றர் அகலமான பட்டை ஒன்றைத் தேடுங்கள். ஐந்து மீற்றர் அகலமான நேர்கோடு கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் வண்டிப் பாதைதான்.

வயல் வரம்பு இன்னும் சிக்கல். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரமுள்ள மண் அது. கைவிட்டுச் சில பருவம் போனதும் மாடு மிதித்துக் கரைந்துவிடும். அப்படியும் வரம்பு இருந்த இடத்து மண் இறுக்கமாகவும் துண்டுக்குள் இருந்த மண் களியாகவும் இருப்பதால், ஈரம் வற்றும் வேகம் இரண்டுக்கும் வேறுபடும். அந்த வேறுபாடுதான் படத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவது. மாட்டுப்பட்டி அடைத்த இடங்களில் மண்மேட்டைத் தேடிப் பயனில்லை. முள்ளும் தடியும் வைத்து அடைத்த பட்டி உக்கிப் போய்விடும். சாணம் ஊறிய நிலத்தில் புல்லின் பச்சை மட்டும் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு நிற்கலாம். அதை வைத்து மட்டும் பட்டி என்று எழுதாமல், சந்தேகக் குறியோடு குறித்து வையுங்கள்.

மென்பொருளை நிறுவியதும் தெரிவுகள் பகுதியில் சிலவற்றை மாற்ற வேண்டும். அலகை மீற்றருக்கும், அகலாங்கு நெட்டாங்கைத் தசம பாகைக்கும் மாற்றுங்கள். தற்காலிகச் சேமிப்பின் அளவை அது அனுமதிக்கும் உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் நல்ல இணைப்பு இருக்கும்போது தேவையான பகுதியை ஒருமுறை நெருக்கமாகப் பார்த்துவிட்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் அதே பகுதி பெரும்பாலும் திறக்கும். கோடு கீறத் தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஆர் விசையை அழுத்துங்கள். பார்வை செங்குத்தாகி வடக்கு மேலே வந்துவிடும். சாய்ந்த பார்வையில் கோடு கீறுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. திரையில் சரியாகத் தெரியும், தரையில் தள்ளிப்போய் நிற்கும்.

நேரே காட்டுக்குள் தேடத் தொடங்காதீர்கள். முதலில் பாவற்குளம், வவுனிக்குளம், மாமடுக் குளம் என்று தெரிந்த குளங்களைத் திறந்து, கட்டு எப்படித் தெரிகிறது, வான் எந்த முனையில், வாய்க்கால் எங்கே பிரிகிறது என்று கண்ணைப் பழக்குங்கள். பிறகு ஊரில் எல்லாரும் அறிந்த ஒரு தூர்ந்த குளத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கிய பின்தான் தேடல் தொடங்கும். பார்வை உயரத்தை 1 முதல் 1.5 கிலோமீற்றருக்குள் வைத்துக்கொண்டு, ஒரு ஓடையை அதன் தலைப்பிலிருந்து கீழ்நோக்கித் தொடர்ந்து போங்கள். கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு, பேராறு ஆகியவற்றின் கிளை ஓடைகள் இதற்குத் தோதானவை. வன்னிக் குளங்கள் ஒன்றின் கழிவு மற்றொன்றுக்குப் போகும்படி அடுக்காக அமைந்தவை. இரண்டு குளங்களுக்கு நடுவே நீண்ட ஓடைப் பகுதி வெறுமையாகக் கிடந்தால் அங்கே கூர்ந்து பாருங்கள்.

இனி, பழைய படங்களைத் திறக்கும் கடிகாரக் குறி. அதை அழுத்தினால் மேலே காலக்கோடு வரும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு திகதிப் படம். மிகப் பழைய திகதிகளுக்குப் போனால் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றரை அடக்கும் லாண்ட்சாட் செய்மதியின் படங்கள்தான் இருக்கும். இரணைமடு போன்ற பெரிய குளத்தின் நீர்ப்பரப்பை அதில் பார்க்கலாம், சிறுகுளத்தின் கட்டைப் பார்க்க முடியாது. உங்களுக்கு வேண்டியது மரத்தை மரமாகக் காட்டும் தெளிவான படங்கள். அவற்றிலும் மாதம் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை முகில் மறைக்கும், முகிலில்லாத படம் அரிது. பெப்ரவரி, மார்ச் படங்கள்தான் முதல் தரம். மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், பழைய குளத்தின் அடியில் ஈரம் இன்னும் நிற்கும். கட்டுக்கு மேற்புறம் கரும்பச்சை, கீழ்ப்புறம் வெளிறிய நிறம் என்று ஒரே கோட்டில் பிரிந்து தெரியும். இரண்டாவது தரம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காய்ந்த மாதங்கள். வெட்டவெளியில் வரம்புகளும் வாய்க்கால் தடங்களும் அப்போதுதான் துலங்கும்.

ஒரு விடயம் விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாலையும் வீரையும் வளர்ந்த காட்டில் கட்டு நேரடியாகத் தெரியாது. அவை கோடையிலும் இலை உதிர்த்து நிற்கும் மரங்கள் அல்ல, மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சைப் போர்வை. தெரிவது குளத்தின் அடிதான். வருடா வருடம் சில மாதம் தண்ணீர் தேங்குவதால் பெருமரம் எழும்பாமல் புல்வெளியாகவோ பற்றையாகவோ கிடக்கும். அந்த வெளியின் மூன்று பக்க ஓரம் கோணல் மாணலாக இருக்கும், இயற்கை அப்படித்தான் விடும். நான்காவது ஓரம் மட்டும் நேராகவோ சீரான வளைவாகவோ, ஓடைக்குக் குறுக்கே நின்றால், அந்த ஓரத்தில் கட்டு இருக்கிறது. இன்னும் 500 மீற்றர் உயரத்துக்கு இறங்கிப் பாருங்கள். நேரான ஓரம் ஏதோ ஓரிடத்தில் அறுந்திருக்கும், அநேகமாக ஓடையின் ஆழமான பகுதியில். அந்த அறுப்புக்குள்ளால் மருதமரங்களின் கரும்பச்சை வரிசை ஒன்று கீழ்நோக்கிப் போகும். அதுதான் கட்டு உடைத்த இடம், அதற்குள்ளால் ஓடை தன் பழைய வழியைத் திரும்பப் பிடித்திருக்கிறது. உடைப்பையும் கண்டு இரண்டு முனைகளும் மேட்டில் சேர்வதையும் கண்டால் முக்கால்வாசி உறுதி.

வன்னியில் இந்த வேலையைக் குழப்புவது போர்க்கால மண் அணைகள். 2008, 2009 காலத்தில் வெட்டிய அகழிகளும் அணைகளும் கிலோமீற்றர் கணக்கில் ஓடியவை, பல இடங்களில் அவற்றின் தடம் இன்றும் படத்தில் இருக்கிறது. அகலமும் குளக்கட்டின் அகலத்துக்கு நெருங்கி வரும். பிரித்தறிய மூன்று வழி உண்டு. முதலாவது, போர் அணை மேடு பள்ளம் பார்க்காது. ஓடையைக் கடந்து தறையில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். குளக்கட்டு மேட்டைத் தொட்டதும் நின்றுவிடும். இரண்டாவது, போர் அணையின் ஓரமாக அதே நீளத்துக்கு அகழி ஒன்று ஓடும். குளக்கட்டுக்கு மண் எடுத்த கிடங்குகள் அப்படித் தொடராக இருக்காது. மூன்றாவது, காலக்கோட்டைப் பின்னோக்கி இழுங்கள். 2005 அளவிலான தெளிந்த படம் அந்த இடத்துக்கு இருந்து, அதில் கோடு இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. போர் அணைகளைக் கண்டால் அழித்துவிடாமல் வேறு நிறத்தில் குறித்து வையுங்கள். அவையும் இந்த மண்ணில் நடந்ததற்கான தடம்தான்.

வேறு சில பொய்க் கோடுகளும் உண்டு. யானை வேலிக்காகத் துப்புரவாக்கிய பட்டை, மின்கம்பி போகும் வழி, மரம் ஏற்றிய பழைய காட்டு றோட்டு. இவை எல்லாம் நீரோட்டத்தைப் பொருட்படுத்தாமல் நேராகப் போகும், மேற்புறம் ஈரம் தேங்காது. கிரவல் கிடங்கு வெளிறிய சிவப்பில் வட்டமாகத் தெரியும். கவனமாக இருக்க வேண்டியது புனரமைத்த குளங்களில். போருக்குப் பின் பல குளங்களின் கட்டை இயந்திரம் கொண்டு உயர்த்திச் செப்பனிட்டிருக்கிறார்கள். இன்றைய படத்தில் அது புதுக்கட்டு மாதிரித்தான் இருக்கும். அடியில் பழைய கட்டு இருந்ததா என்பதைக் காலக்கோட்டில் பின்னுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

உயரப் பகுதியை ஏன் நம்பக்கூடாது? கோட்டின் மேல் வலச்சொடுக்கி உயரப் பக்கப்பார்வையைக் கேட்டால் அழகான வரைபு ஒன்று வரும், அதைக் கண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். இத்தகைய இடங்களில் அந்த உயரத் தரவின் அடிப்படை பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் அளந்தது. ஒரு கட்டம் 30 மீற்றர். 14 மீற்றர் அகலமான கட்டு அதற்குள் கரைந்துவிடும். அதைவிட, காட்டில் ராடார் அளந்தது மரத்தலைக்கு அண்மையான உயரத்தை. ஆகவே வரைபில் நீங்கள் காணும் ஐந்து மீற்றர் மேடு காட்டின் ஓரமாக இருக்கலாம். உயரத்தை மும்மடங்காகப் பெருப்பித்துக் காட்டும் தெரிவும் இருக்கிறது, அது இந்தப் பிழையையும் மும்மடங்காக்கும். மூன்று நான்கு கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் கட்டின் மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று எழுத முடியாது.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடங்களில் கைவிட்ட குளங்களை அப்படியே பெயரோடு குறித்திருக்கிறார்கள். அந்தத் தாளை நேராக வைத்து ஸ்கேன் செய்து, படமாக மேலே போர்த்தி, ஊடுபார்வை அளவைக் கூட்டிப் பார்க்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தாள்களின் அகலாங்கு நெட்டாங்கு கண்டவளைத் தளம் என்ற பழைய அளவை அடிப்படையில் கணித்தவை, கூகுள் ஏர்த் வேறு அடிப்படையில் இயங்குகிறது. தாளின் ஓரத்தில் அச்சிட்ட பாகையை அப்படியே கொடுத்தால் படம் சுமார் 200 மீற்றர் தள்ளி உட்காரும். சிறுகுளம் ஒன்று முழுவதும் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடப் போதுமான தூரம் இது. எனவே பாகையை விட்டுவிட்டு, மாறாத புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள். புகையிரதப் பாதை றோட்டைக் கடக்கும் இடம், பழைய பாலம், பெரிய குளத்தின் கட்டு முனை என்று குறைந்தது நான்கு, தாளின் நான்கு மூலைக்கும் கிட்டவாக. முழுத் தாளையும் ஒரே தடவையில் பொருத்த முயன்றால் ஓரங்கள் ஒத்துவராது. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி, சிறு துண்டுகளாகப் பொருத்துவது சுலபம்.

செய்மதிப் படங்களும் திகதிக்குத் திகதி ஐந்து பத்து மீற்றர் நகரும். கோயில் மண்டபத்தின் மூலையோ மதகோ ஒன்றை நங்கூரமாக வைத்து, நீங்கள் கோடு கீறும் படத்தில் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து குறிப்பில் எழுதுங்கள். கட்டின் உச்சியை ஒரு கோடாகவும், உடைப்பு, வான், துருசு ஆகியவற்றைத் தனிப் புள்ளிகளாகவும், குளத்தின் அடியைப் பலகோணமாகவும் கீறுங்கள். விளக்கப் பெட்டியில் எந்தத் திகதிப் படத்தில் கண்டது, கட்டின் நீளம், ஊரார் சொல்லும் பெயர், கிராம அலுவலர் பிரிவு, உறுதியா சந்தேகமா என்பதை எழுதுங்கள். தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் ஏறும். சேமிப்பதில் மட்டும் அவதானம் வேண்டும். எனது இடங்கள் என்ற பட்டியல் மென்பொருளை மூடும்போதுதான் வன்தட்டில் எழுதப்படும். இடையில் மின்சாரம் நின்றாலோ மென்பொருள் உறைந்தாலோ அன்றைய வேலை போய்விடும். கோப்புப் பட்டியலில் இருந்து இடையிடையே சேமியுங்கள், நாள் முடிவில், கீறிய கோடுகளையும் புள்ளிகளையும் வேறு செயலிகளும் திறக்கக்கூடிய கேஎம்எல் கோப்பாக வேறொரு இடத்திலும் வையுங்கள்.

அதே கோப்பை ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் திறந்து கைபேசியோடு இடத்துக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் கண்ணிவெடி விடயத்தை உறுதிப்படுத்துங்கள். படத்தில் தெளிவாகத் தெரியும் கட்டு, மிதிவெடி அகற்றாத காட்டுக்குள் இருக்கலாம். கட்டுகள் உயரமான இடம் என்பதால் போரில் அவற்றைக் காவலரணாகப் பயன்படுத்தியதும் உண்டு. பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள், அந்தக் காட்டில் மாடு மேய்ப்பவர் ஒருவரோடு மட்டும் போங்கள், சிவப்புக் குறி கண்டால் திரும்புங்கள். வனவளத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடானால் அனுமதி தேவை. காட்டுக்குள் ஜிபிஎஸ் பிழை பத்து மீற்றருக்கு மேலும் போகும். கட்டின் மேல் ஏறி நின்றதும் ஒரு புள்ளி, இரு முனைகளிலும் ஒவ்வொரு புள்ளி எடுத்தால் போதும். செதுக்கிய கருங்கல் கிடந்தால் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். புரட்டவோ தோண்டவோ வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம், கல் அசைந்தால் அது எங்கே இருந்தது என்ற சாட்சியும் போய்விடும்.

கையில் உள்ள பதிவை எங்கே கொடுப்பது என்பதற்குச் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட கட்டுமானங்களைத் தொன்மைச் சின்னமாகக் கருதுகிறது. வர்த்தமானியில் அறிவித்தால் முழுப் பாதுகாப்பு வரும். ஆனால் ஒரு கட்டு 1815 க்கு முந்தியது என்று செய்மதிப் படம் நிறுவாது. மன்னார் கட்டுக்கரைக் குளத்தில் தொல்லியல் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்தது போன்ற முறையான அகழாய்வுதான் அதைச் சொல்லும். மற்றது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு நீர்ப்பாசனக் குளங்கள் அதன் கீழ் வரும். கட்டை வெட்டுவதும் குளத்தை நிரப்புவதும் அதன்படி தடை. எமது மதிப்பீட்டில், தூர்ந்த சிறுகுளத்துக்கு இந்த இரண்டாவது வழிதான் விரைவானது, வயதை நிறுவ வேண்டியதில்லை. இங்கிலாந்தில் டாட்மூர் மேட்டுநிலத்து வெண்கலக்காலப் பண்ணை வரப்புகள் பலவற்றைச் சட்டத்தால் காத்து, எல்லையோடு இணைய வரைபடத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வன்னி வரம்புகளுக்கு அப்படியொரு வரைபடம் வரும்வரை உங்கள் கேஎம்எல் கோப்புத்தான் அந்த இடத்தில் நிற்கும்.

எந்தத் திணைக்களத்திடம் போவது என்பதைத் தனியாக முடிவெடுக்காதீர்கள். பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் பக்கத்தில் விதைக்கும் காணிக்கும் கட்டுப்பாடு வரலாம், அதைச் சுமப்பவர்கள் அந்த ஊர்க் கமக்காரர்கள். முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் காட்டுங்கள். அதற்கு மென்பொருளின் படம் சேமிக்கும் வசதி நன்றாகவே உதவும். தலைப்பு, அளவுத்திட்டம், வடக்குக் குறி, குறிவிளக்கம் எல்லாவற்றையும் இட்டு உயர்ந்த தெளிவில் சேமித்து, ஏ3 தாளில் நிறத்தில் அச்சிடுங்கள். ஒரே இடத்தின் பெப்ரவரிப் படம் ஒன்றும் ஓகஸ்ட் படம் ஒன்றும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். கோட்டை அவற்றின் மேல் இட வேண்டாம், மூன்றாவது தாளில் தனியாக இடுங்கள். கோடு போட்ட படத்தை மட்டும் காட்டினால் ஆட்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். வெறும் படத்தைக் காட்டினால், இதிலே ஒரு குளம் இருந்தது, அதற்கு இன்ன பெயர் என்று யாராவது விரல் வைத்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை அங்கேயே தாளில் எழுதிக்கொண்டு, ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள்.